பின் இருக்கையில் மிரன்

ஓக் மிரன் முதல் தடவை வாந்தி எடுத்தது ஏப்ரல் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், காரில் மாட்டியிருந்த கருவிகள் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்ததுதான். மலைப்பாதைத் தடத்தில் ஏழாவது சுற்று, பதினோராவது வளைவு. ஓட்டியவர் யாங் ஜோங்தே. மிரன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் வைத்த தாளில் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்துங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. காலையில் சாப்பிட்ட கஞ்சி வந்தது, அதுவும் தலைக்கவசத்துக்குள்ளேயே.

ஜோங்தே காரை ஓரங்கட்டிவிட்டு, நான்கு சன்னல்களையும் இறக்கினார்.

"பதினாலு வருஷமா இந்த வேலையில இருக்கே. இன்னிக்கு என்ன, மசக்கையா?"

"நாப்பத்தேழு வயசுல மசக்கை வந்தா டிவியில காட்டுவாங்கண்ணே," என்றாள் மிரன், வாயைத் துடைத்துக்கொண்டே.

"அப்ப வயசாயிடுச்சு. ஒத்துக்கோ."

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. முதல்நாள் சாப்பிட்ட சிப்பி சரியில்லை என்று சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்த துணியை எடுத்து இருக்கையைத் துடைத்தாள். கணவன் நடத்துவதே சிப்பிக் கஞ்சிக் கடை. அந்தப் பொய் வீட்டுக்குப் போகும்வரை உறுத்திக்கொண்டிருந்தது.

புவான் என்ற ஊரின் கடற்கரையை ஒட்டி, கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில் இருந்தது அவர்கள் வேலை செய்த கார் சோதனைத்தளம். உள்ளே எழுபது கிலோமீட்டருக்குச் சாலை. கல் பாவிய சாலை, தண்ணீர் தேங்கிய சாலை, தட்டு விளிம்புபோலச் சாய்ந்த அதிவேக வட்டம், செயற்கையாக எழுப்பிய மலைப்பாதை என்று இல்லாத வகை கிடையாது. கார் நிறுவனம் சந்தைக்கு விடப்போகும் ஒவ்வொரு வண்டியும் இங்கேதான் அடிபட்டு, முறுக்கப்பட்டு, பழுத்து வெளியே போகும். ஓட்டுநர்கள் முப்பத்தொரு பேர். அதில் பெண் மிரன் ஒருத்திதான்.

இங்கே வருவதற்கு முன் ஜோன்ஜு நகரத்தில் ஒன்பது வருஷம் பேருந்து ஓட்டினாள். மகள் சுல்கி பள்ளியில் சேரும் வயதில், கணவன் தல்ஹோ தன் அம்மா ஊரான புவானில் கடை போடுவதென்று முடிவு செய்தபோது, அவளும் பேருந்தை விட்டுவிட்டு வந்தாள். முதல் நான்கு வருஷம் கல் பாவிய சாலைதான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் குலுங்கவேண்டும், அதுதான் வேலை. கூட வேலைக்குச் சேர்ந்த ஆண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். மிரன் நிற்கவில்லை. பிறகு மதிப்பீட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஸ்டியரிங் எவ்வளவு கனம், பிரேக் எந்த இடத்தில் பிடிக்கிறது, மேட்டில் ஏறி இறங்கிய பிறகு வண்டி எத்தனை தடவை ஆடி அடங்குகிறது என்றெல்லாம் உடம்பால் அளந்து பத்துக்கு இத்தனை என்று எழுதும் பிரிவு அது. பேருந்துக்காரி என்ற பெயர் மட்டும் மாறவில்லை. ஜோங்தே கோபமாக இருந்தால் பேருந்துக்காரி, குஷியாக இருந்தால் பஸ்காரம்மா.

அந்த வருஷம் அவர்கள் கையில் இருந்த வண்டிக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை. காகிதத்தில் கே-நாற்பத்தொன்று. பேச்சில் நாப்பத்தொண்ணு. பார்வைக்குக் குடும்பத்தோடு கடைக்குப் போகும் உயரமான காரைப்போலத்தான் இருக்கும். பின்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், அரிசி மூட்டை நான்கு போடலாம். ஆனால் முன்னச்சில் ஒரு மோட்டார், பின்னச்சில் ஒரு மோட்டார். இரண்டும் சேர்ந்து சாதாரணமாக அறுநூறு குதிரைத்திறன். ஸ்டியரிங்கில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பத்து நொடிக்கு மட்டும் அறுநூற்று நாற்பது. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட மூன்று புள்ளி நான்கு நொடி. தரைக்கடியில் எண்பத்துநான்கு கிலோவாட்-மணி பேட்டரி. எண்ணூறு வோல்ட் மின்னூட்டியில் செருகினால் பத்து சதவீதத்திலிருந்து எண்பதுக்கு ஏற பதினெட்டு நிமிடம். இவ்வளவையும் சுமந்துகொண்டு வண்டியின் எடை இரண்டேகால் டன்.

அந்த எடைதான் அதன் குணம். வளைவுக்குள் நுழையும்போது எடை இருப்பதே தெரியாது. மோட்டார்கள் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தேவையானதைப் பிரித்துக் கொடுத்து, மூக்கை உள்பக்கம் இழுத்துவிடும். வளைவு முடியும் நேரத்தில்தான், இவ்வளவு நேரமும் பின்னால் ஒரு பெரிய மிருகம் உட்கார்ந்திருந்தது என்பது முதுகுக்குத் தெரியும். பெடலிலிருந்து காலை எடுத்தாலே போதும், மோட்டார்கள் திருப்பிச் சுழன்று மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்பும். சாதாரணக் காரில் பிரேக்கைப் பாதி மிதித்த அளவுக்கு வேகம் இறங்கும். இன்னொரு வேடிக்கையும் வைத்திருந்தார்கள். ஒரு பொத்தானைத் தட்டினால் ஒலிபெருக்கியிலிருந்து பெட்ரோல் எஞ்சின் சத்தம் வரும், இல்லாத கியர் மாறுவதுபோல வண்டி லேசாக உதறும். பொம்மைத்தனம் என்று மிரன் அதற்கு மூன்று மதிப்பெண் போட்டிருந்தாள்.

தானே ஓட்டும்போது அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. அடுத்தவர் ஓட்டி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வயிறு புரட்டியது. அடுத்த வாரம் இரண்டு தடவை பையில் எடுத்தாள். ஒரு தடவை எடுக்காமல் அடக்கியதில் மாலைவரை தலை சுற்றியது. மதிப்பீடு என்பது இருவர் செய்யும் வேலை. ஒரு சுற்று ஓட்ட வேண்டும், ஒரு சுற்று உட்கார வேண்டும். உட்கார முடியாதவரைப் பிரிவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு வருஷம் முன் ஒரு பையனை அப்படித்தான் டயர் கிடங்குக்கு அனுப்பினார்கள்.

காது மருத்துவரிடம் போனாள். அவர் இரண்டு காதிலும் வெதுவெதுப்பான நீர் விட்டு, கண் ஆடுவதைப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்.

"நல்லா இருந்தா ஏன் வாந்தி வருதாம்?" என்று கேட்டான் தல்ஹோ. கடையில் கூட்டம் ஓய்ந்த பிற்பகல். அவன் சிப்பிகளை உப்புத்தண்ணீரில் போட்டு மணலைக் கக்கவிட்டுக்கொண்டிருந்தான்.

"காதுல ஒண்ணும் இல்லயாம். அவ்வளவுதான் சொன்னாரு."

"சுல்கி அம்மா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. தலைவலி உண்டா? கண்ணு மங்குதா?"

"மூளையில கட்டின்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"முடிவு பண்ணல. பயந்து வச்சேன்."

"கட்டியும் இல்ல, கிட்டியும் இல்ல. அந்தக் கார்தான்."

"இத்தன வருஷம் எத்தன கார்ல உட்கார்ந்திருப்பே?"

பேருந்திலும் சரி, சோதனைத்தளத்திலும் சரி, அடுத்தவர்கள் வாந்தி எடுத்துத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

மே மாதம் இரண்டாவது வாரம், மிரன் ஒரு தவறு செய்தாள். மருந்துக் கடையில் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பட்டை விற்கும். படகில் போகிறவர்கள் குமட்டாமலிருக்க வாங்குவார்கள். அதை ஒட்டிக்கொண்டு வாகனம் ஓட்டக்கூடாது என்று அட்டையிலேயே எழுதியிருக்கும். நிறுவன விதியிலும் உண்டு. அன்றைக்குத் தான் ஓட்டவேண்டியதில்லை, உட்காரும் வேலைதான் என்று அட்டவணையைப் பார்த்துவிட்டு அவள் ஒன்றை ஒட்டி, மேலே முடியை இழுத்துவிட்டுக்கொண்டாள். அற்புதமாக வேலை செய்தது. ஒன்பது சுற்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மதிய உணவு இடைவேளையில் அட்டவணை மாறியது. அதிவேக வட்டத்தில் ஓட்டவேண்டியவனுக்குக் காய்ச்சல். மிரன் போகவேண்டும் என்று பலகையில் எழுதிப்போட்டார்கள்.

கழிப்பறையில் பட்டையைப் பிய்த்து எறிந்தாள். மருந்து ஒட்டிய அந்த விரலாலேயே இடது கண்ணைக் கசக்கியதும், அது பார்வையைக் கலைக்கும் என்பதும் அவளுக்குத் தெரியாது. வட்டத்தில் ஏறி நூற்றெழுபதைத் தொட்டபோது, இடப்பக்கத்துக் கம்பித் தடுப்பு ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தது. அடுத்த சுற்றில் இருநூற்று நாற்பதில் போகவேண்டும் என்பது திட்டம். மிரன் வலது கண்ணை மட்டும் நம்பி மெதுவாகக் கீழ்த்தடத்துக்கு இறங்கினாள். காரை நிறுத்தினாள். வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"கட்டுப்பாட்டு அறை, நாப்பத்தொண்ணு, மூணாம் வண்டி. நிறுத்திட்டேன். வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் கண்ணு சரியில்ல. மருந்து போட்டிருந்தேன். வேற ஆள அனுப்புங்க."

மருந்து என்ற சொல்லைச் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பின்னாளில் தல்ஹோ அதைக் கேட்டபோது, அந்த நேரத்தில் பொய் யோசிக்கவும் ஒரு கண் போதவில்லை என்றாள்.

பிரிவுத் தலைவர் ஹா அவளை உட்காரச் சொல்லவில்லை. தீவில் பிறந்தவர், பேச்சு கம்மி.

"நீங்களே சொன்னதுனால வேலை மிஞ்சிச்சு. சொன்னதுக்காக விட்டுட முடியாது," என்றார். "ஆறு மாசத்துக்கு எந்த வண்டியும் ஓட்டக்கூடாது. அதிவேக வட்டத்துல ஒரு வருஷத்துக்கு. நாளையிலிருந்து மின்னூட்டு முற்றத்துக்குப் போங்க."

"சரி சார்."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"அந்த வண்டியில உட்கார்ந்தா எனக்கு வயித்தப் புரட்டுது சார்."

"அது உங்க வயிறு," என்றார் ஹா.

மின்னூட்டு முற்றம் என்பது தகரக் கூரைக்குக் கீழே பதினாறு மின்னூட்டிகள் நிற்கும் இடம். தடத்திலிருந்து வரும் வண்டிகளைச் செருகவேண்டும், டயர் வெப்பத்தைக் குறிக்கவேண்டும், உள்ளே பெருக்கித் துடைக்கவேண்டும். செருகும் கம்பி விரல் தடிமன் இல்லை, மணிக்கட்டுத் தடிமன். முதல் வாரம் முழுக்க மிரனுக்குத் தோள் வலித்தது. ஓட்டுநர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். ஜோங்தே மட்டும் ஒரு நாள் நின்று, "என்ன பேருந்துக்காரி, பெட்ரோல் பங்க்ல வேலை கிடைச்சிருச்சுபோல," என்றார். அவள் சிரிக்காததைக் கண்டு, தானும் சிரிக்காமல் போய்விட்டார்.

அந்த மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். விற்பனைப் பிரிவு, விளம்பரப் பிரிவு, கணக்கர்கள், இரண்டு இயக்குநர்கள். நாற்பத்தொன்றில் அவர்களை ஏற்றி மலைப்பாதையில் நான்கு சுற்றுக் காட்டி முற்றத்தில் கொண்டுவந்து இறக்குவார்கள். இறங்கியதும் எல்லோரும் பிரமாதம் என்பார்கள். பிறகு கொஞ்சம் தள்ளிப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தண்ணீர் கேட்பார்கள். ஒரு இயக்குநர், செருப்புக் கடித்துவிட்டதாகச் சொல்லி நடைமேடை விளிம்பில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் போட்டிருந்தது செருப்பு அல்ல, ஷூ. கதவுப் பையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பைகளை மிரன் எடுத்துக் குப்பையில் போட்டாள்.

நான்காவது நாள் அவள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினாள். யார் எந்த இருக்கையில் உட்கார்ந்தார்கள், இறங்கியதும் நேராக நடந்தார்களா, தண்ணீர் கேட்டார்களா, அன்றாட முறை, கூர்மையான முறை என்று வண்டியில் உள்ளவற்றில் எந்த முறையில் ஓடியது என்று எழுதினாள். வண்டி அணையும்போது கடைசி முறை திரையில் நிற்கும் என்பதால் அது சுலபம். மூன்று வாரத்தில் நாற்பத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். அதில் இருபத்துமூன்று பேர் சுவரைப் பிடித்தவர்கள். பெரும்பாலும் பின் இருக்கைக்காரர்கள். இதில் ஆச்சரியம் ஏதுமில்லை. அவளை யோசிக்கவைத்தது வேறு. அந்தப் பொம்மை எஞ்சின் சத்தத்தைப் போட்டுக்கொண்டு ஓடிய வண்டிகளில் வந்தவர்கள் ஒன்பது பேர். அந்த முறையில் வண்டி இன்னும் அதிகமாக உதறும். அந்த ஒன்பது பேரில் ஒரே ஒருவர்தான் தண்ணீர் கேட்டிருந்தார்.

கூ சேவோன் என்ற பொறியாளன் அங்கே தினமும் மடிக்கணினியோடு வருவான். முப்பத்துமூன்று வயது. மோட்டார் எப்போது எவ்வளவு இழுக்கவேண்டும், எப்போது விடவேண்டும் என்று எழுதுவது அவன் வேலை. நாற்பத்தொன்றின் குணம் பாதிக்குமேல் அவன் எழுதியது. மிரன் நோட்டை அவனிடம் நீட்டினாள்.

அவன் நின்றுகொண்டே படித்தான். பிறகு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தான்.

"அக்கா, இத யாருகிட்டயாவது காட்டினீங்களா?"

"என் வயிறப் பத்தி யாரும் கேக்கறதில்ல தம்பி."

"இது உங்க வயிறு மட்டும் இல்லையே."

"ஒரு உதவி பண்ணுங்க. நான் ஓட்டக்கூடாதுன்னுதான் உத்தரவு. உட்காரக் கூடாதுன்னு யாரும் சொல்லல. பின்னால உட்கார்றேன். கண்ண மூடிக்கறேன். எப்ப புரட்டுதோ அப்ப 'இப்ப'ன்னு சொல்றேன். நீங்க உங்க பொட்டியில குறிச்சுக்கோங்க."

"வாந்தி வந்தா?"

"பை வச்சிருக்கேன். உங்க காரப் பத்திக் கவலைப்படாதீங்க, நான்தானே கழுவப்போறேன்."

மூன்று நாள் அப்படிப் போனார்கள். சேவோன் ஓட்டுவதில் சுமார். ஆனால் அவன் பொட்டி நொடியை நூறாக வெட்டிக் குறிக்கும். மிரன் நூற்றுப்பன்னிரண்டு தடவை 'இப்ப' என்றாள், ஐந்து தடவை பையைத் தேடினாள். படுவேகமாக முன்னால் பாயும்போதெல்லாம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நூற்றுப்பன்னிரண்டில் தொண்ணூறுக்கு மேற்பட்டவை, காலை எடுத்த பிறகு வேகம் இறங்கத் தொடங்கிய இடங்களில் விழுந்திருந்தன.

"காலை எடுத்தா வண்டியப் பின்னால இழுக்கற முழு இழுப்பும் வர்றதுக்கு அஞ்சுல ஒரு நொடிகூட ஆகறதில்ல," என்றான் சேவோன், திரையைப் பார்த்துக்கொண்டு. "வேணும்னேதான் அப்படி வச்சேன். ஓட்டறவங்களுக்கு அதுதான் பிடிக்கும்."

"ஓட்டறவனுக்குத் தெரியும், தான் காலை எடுக்கப்போறோம்னு. பின்னால இருக்கறவனுக்கு யாரு சொல்றா?"

"பெட்ரோல் கார்லயும் யாரும் சொல்றதில்லயே."

"சொல்லும் தம்பி. சத்தம் சொல்லும்." மிரன் நோட்டை மூடினாள். "நான் பஸ் ஓட்டினப்ப நிக்கறவங்க அறுபது பேரு இருப்பாங்க, கையில பை, முதுகுல கொழந்தை. ஸ்டாப்பு வர்றதுக்கு முன்னாடி ஆக்சிலேட்டர விட்டுருவேன். எஞ்சின் சத்தம் மொதல்ல இறங்கும். அதக் கேட்டு அவங்க முழங்கால் தானா மடங்கும். அதுக்கப்புறம்தான் பிரேக்குல கால் வைப்பேன். ஒருத்தரும் யோசிச்சு மடக்க மாட்டாங்க. உடம்புக்குச் சேதி போயிரும், அவ்வளவுதான். உங்க காருல சேதியே வர்றதில்ல. அடிதான் வருது."

சேவோன் திரையிலிருந்து தலையைத் தூக்கினான். "அதனாலதான் பொய்ச் சத்தம் போட்டா சரியாயிடுது," என்றான்.

"நான் அதுக்கு மூணு மார்க் போட்டிருந்தேன்," என்றாள் மிரன்.

இரண்டு வாரத்தில் அவன் புதிதாக எழுதிக்கொண்டு வந்தான். அன்றாட ஓட்டத்துக்கான முறையில் மட்டும், காலை எடுத்தால் இழுப்பு அரை நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாக ஏறும். எஞ்சின் சத்தம் இல்லை, அதற்குப் பதிலாக மெல்லிய முனகல் ஒன்று, காது தேடினால்தான் கேட்கும். அது இழுப்புக்கு ஒரு கண்ணிமைப்பொழுது முன்னால் இறங்கிவிடும். மிரன் பின்னால் உட்கார்ந்து பன்னிரண்டு சுற்று வந்தாள். பையைத் தொடவில்லை.

ஆனால் பெரிய கூட்டத்தில் விஷயம் எடுபடவில்லை. ஜோங்தேதான் முதலில் எதிர்த்தார். இருபத்திரண்டு வருஷ அனுபவம், தலைமை ஓட்டுநர். அவர் கையெழுத்துப் போடாமல் எந்த வண்டியின் குணமும் முடிவாகாது.

"கத்திய மழுக்கித் தர்றோம்னு சொல்றீங்க," என்றார். "இந்த வண்டிய வாங்கறவன் அந்தக் கூர்மைக்குத்தான் வாங்குவான். தூளியா வேணும்னா வேற வண்டி இருக்கு."

"கூர்மையான முறை அப்படியேதான் இருக்கு. அதத் தொடல," என்றான் சேவோன்.

"மொதல்ல சாவியப் போட்டதும் வர்றது எது? உங்க தூளிதானே?"

ஹா எழுந்தார். பேச்சு வேண்டாம், தானே பார்த்துவிடுவதாகச் சொன்னார். பழைய அமைப்பில் ஜோங்தே ஓட்ட, ஹா பின் இருக்கையில் ஏறினார். மிரனும் சேவோனும் முற்றத்தில் காத்து நின்றார்கள். எட்டுச் சுற்று முடிந்து வண்டி வந்தது. ஹா கைப்பேசியில் மீன்பிடிப் படகு விளம்பரம் ஏதோ படித்துக்கொண்டே இறங்கினார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"ஒண்ணுமே தெரியலையே. காத்து வாங்கின மாதிரி இருந்துச்சு."

தீவுக்காரர். ஆறு வயதிலிருந்து அலைமேல் வளர்ந்தவர். சேவோன் கண்ணை மூடிக்கொண்டான். மிரனுக்குச் சிரிப்புத்தான் வந்தது, அடக்கிக்கொண்டாள்.

ஹா அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் முறைப்படி கேட்டுவிட்டுப் போகிறவர் அவர். ஜோங்தே பக்கம் திரும்பினார்.

"உங்க தாளையும் பார்த்தேன். பக்கத்து சீட்டு வசதிக்கு எல்லாத் தடவையும் எட்டு போட்டிருக்கீங்க. அதையே முடிவா எடுத்துக்கறேன். சரிதானே?"

ஜோங்தே கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"அந்தத் தாள எடுத்துக்காதீங்க சார்."

"ஏன்?"

"நான் பக்கத்து சீட்டுல உட்கார்ந்து மூணு வருஷம் ஆச்சு."

ஹா கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"மொதல் மின்சாரக் கார் வந்தப்பவே எனக்கு ஒத்துக்கல," என்றார் ஜோங்தே. "ஒரு தடவ புதர் ஓரமா நிறுத்தி எடுத்தேன். அதுக்கப்புறம் எப்பவும் நானே ஓட்டறேன்னு சொல்லிருவேன். தலைமை ஓட்டுநரு, யாரு கேக்கப்போறா? என் முறை வர்றப்ப, ஓட்டறதுக்குப் போட்ட மார்க்கையே உட்கார்றதுக்கும் எழுதிருவேன். இவ மாதிரி நானும் சொல்லியிருந்தா டயர் கிடங்குக்கு அனுப்பியிருப்பீங்க."

"ஆமா, அனுப்பியிருப்பேன்," என்றார் ஹா. அதை அவர் கோபமில்லாமல்தான் சொன்னார்.

பிறகு நடந்ததெல்லாம் காகித வேலை. ஜோங்தேயின் மூன்று வருஷத் தாள்களைச் செல்லாது என்று ஒதுக்கினார்கள். தலைமைப் பொறுப்பு ஆறு மாதத்துக்கு வேறொருவருக்குப் போனது. அலுவலகத்திலிருந்து இருபது பேரை வரவழைத்து, முகத்தை நேருக்கு நேர் பார்த்துக் கேட்காமல், பெயர் எழுதாத சீட்டில் எழுதவைத்தார்கள். பழைய அமைப்பில் பதினொரு பேர் குமட்டியது என்று எழுதினார்கள். புதியதில் மூன்று பேர். ஹா இரண்டு கட்டுச் சீட்டுகளையும் தன் கையாலேயே எண்ணிப் பார்த்துவிட்டு, சேவோனின் அமைப்புக்குக் கையெழுத்துப் போட்டார். சிவப்புப் பொத்தானும், கூர்மையான முறையும், மூன்று புள்ளி நான்கு நொடியும் இருந்தபடியே இருந்தன. மாறியது சாவி போட்டதும் வரும் முதல் குணம் மட்டும்தான்.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஜோங்தே தல்ஹோவின் கடைக்கு வந்தார். அதுவரை வந்ததில்லை. கஞ்சி சொன்னார். மிரன் கொண்டுவந்து வைத்தாள், கூடவே முள்ளங்கி ஊறுகாயும்.

"உன்னாலதான் போச்சுன்னு நான் நினைக்கல," என்றார் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு.

"நான் ஒண்ணும் கேக்கலையேண்ணே."

"மசக்கையான்னு கேட்டேன்ல. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. நீ துடைச்சுக்கிட்டு இருந்தப்ப எனக்கு உள்ள சந்தோஷமா இருந்துச்சு. நமக்கு மட்டும் இல்லடான்னு. அப்படி ஒரு ஆளு நான்."

மிரன் என்ன சொல்வதென்று யோசித்தாள். பரவாயில்லை என்று சொல்லத் தோன்றவில்லை. அவள் இரண்டு மாதம் மணிக்கட்டுத் தடிமன் கம்பியைத் தூக்கியிருக்கிறாள்.

"ஆறிடும், சாப்பிடுங்க," என்றாள்.

அவர் முழுவதும் சாப்பிட்டார். கிளம்பும்போது, தல்ஹோவிடம் கஞ்சிக்குப் பத்துக்கு எட்டு என்றார்.

"உட்கார்ந்து சாப்பிட்டதுக்கா, ஓட்டினதுக்கா?" என்று கேட்டான் தல்ஹோ. மனைவி எதையும் மறைப்பதில்லை என்பது ஜோங்தேக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும். அவர் காது சிவந்துவிட்டது. அதற்காக அன்று மாலை மிரன் கணவனைத் திட்டினாள், ஆனால் ரொம்ப நேரம் இல்லை.

நவம்பரில் ஆறு மாதம் முடிந்து மிரனுக்கு ஓட்டும் அட்டை திரும்பக் கிடைத்தது. முதல் வேலையாக, நேர்த்தடத்தில் நாற்பத்தொன்றின் பாய்ச்சலைப் பத்துத் தடவை அளந்து தரச் சொன்னார்கள். குளிரில் பேட்டரியைப் பதமாகச் சூடாக்கவே சில நிமிடங்கள் பிடித்தன. பிறகு இடது காலால் பிரேக்கை அழுத்தி, வலது காலால் பெடலைத் தரைவரை தள்ளி, இடது காலை விட்டாள். வண்டி எந்தத் தயக்கமும் இல்லாமல் புறப்பட்டது. தலை இருக்கையில் அழுந்தியது, கன்னம் பின்னால் இழுத்தது, தடத்தோரத்துப் புல் கோடாகிப்போனது. சக்கரம் ஒரு தடவைகூடச் சுழன்று வீணாகவில்லை. பத்துத் தடவையும் எண் மூன்று புள்ளி நான்குக்கும் மூன்று புள்ளி ஐந்துக்கும் நடுவிலேயே நின்றது. முன் பிரேக் தட்டுகள் ஒவ்வொன்றும் கஞ்சிச் சட்டி மூடி அளவுக்கு இருக்கும். அவை கடைசித் தடவையிலும் முதல் தடவை போலவே பிடித்தன. நல்ல வண்டி என்று அவளுக்குத் தோன்றியது. வாங்கத் தோன்றவில்லை.

வசந்தத்தில் வண்டி பெயரோடு சந்தைக்கு வந்தது. பத்திரிகைகளில் அதைப் பற்றி எழுதியவர்கள் பாய்ச்சலையும் பிரேக்கையும் மின்னேற்றும் வேகத்தையும் புகழ்ந்தார்கள். ஒரு பத்திரிகையில் மட்டும், இவ்வளவு பலத்துக்குப் பின் இருக்கை வியக்கத்தக்க அளவு அமைதியாக இருப்பதாக ஒரு வரி இருந்தது. சேவோன் அதைப் படம் பிடித்து மிரனுக்கு அனுப்பினான். அவள் அதை மகள் சுல்கிக்கு அனுப்பினாள். குவாங்ஜு நகரத்தில் செவிலியர் படிப்பில் இருந்த சுல்கி, 'இதுல உங்க பேரு எங்கம்மா?' என்று திருப்பிக் கேட்டாள். பேரெல்லாம் போடமாட்டார்கள் என்று பதில் எழுதிவிட்டு, மிரன் வேலைக்குப் போனாள்.

சோதனைத்தளத்தில் பின் இருக்கை மதிப்பீடு என்று ஒரு தனித் தாள் அந்த வருஷம் சேர்ந்தது. வாரத்தில் இரண்டு நாள் அது மிரனின் வேலை. மற்ற மூன்று நாள் ஓட்டுவாள். தடை முடிந்தும் அதிவேக வட்டத்துக்கு அவளை மறுபடி போடவில்லை. அவளும் கேட்கவில்லை. ஜோங்தே தலைமைப் பொறுப்புக்குத் திரும்பினார். தன் முறை வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து, குமட்டினால் குமட்டுகிறது என்றே தாளில் எழுதினார். அந்த வண்டிகளுக்கு அவர் போடும் மதிப்பெண் நான்கைத் தாண்டுவது அபூர்வம்.

அடுத்து வந்தது ஏழு பேர் உட்காரும் பெரிய மின்சார வண்டி. முதல் நாள் அவளை மூன்றாம் வரிசையில் உட்காரச் சொன்னார்கள். நடு இருக்கையை மடித்து, குனிந்து, ஏறக்குறைய தவழ்ந்து உள்ளே போனாள். மிரன் அவ்வளவு உயரமானவள் அல்ல, அவள் முழங்காலே முன் இருக்கையில் இடித்தது. வண்டி கிளம்புவதற்கு முன்பே பேனாவை எடுத்து அதை எழுதினாள்.